ஸ்டேப்ளரும் தையல் மிஷினும்: அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டச் சண்டை, துப்பாக்கி வைத்திருப்பவர் பக்கமிருந்து

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடைவீதியிலோ துப்பாக்கிச் சூடு நடந்தால், மறுநாள் நம் செய்திகளில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வரும். ஒன்று, "தானியங்கித் துப்பாக்கியால் சரமாரியாகச் சுட்டான்." இன்னொன்று, "அங்கே காய்கறி வாங்குவதுபோல யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வாங்கலாம்." முதலாவது பெரும்பாலும் பொய். இரண்டாவது பாதிதான் உண்மை. இந்த இரண்டு தவறுகளும் நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. அமெரிக்கத் தொலைக்காட்சிகளிலும், சட்டம் இயற்றும் அவையிலும்கூட இவை புழங்குகின்றன.

பியூ ஆய்வு மையம் 2023-இல் எடுத்த கணக்கின்படி அமெரிக்காவில் வயதுவந்தவர்களில் 32 சதவீதம் பேரிடம் சொந்தத் துப்பாக்கி இருக்கிறது. அவர்களில் 72 சதவீதம் பேர் முக்கியக் காரணமாகச் சொன்னது தற்காப்பு. துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுப் பழகியவர் ஒருவர், அதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அதைத் தடை செய்யப் பேசுவதைக் கேட்டால், முதல் வாக்கியத்திலேயே காதை மூடிக்கொள்கிறார். பேச்சு அங்கேயே முறிந்துவிடுகிறது. அதனால் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது, சட்டம் அதை எங்கே பிடிக்கிறது, எங்கே நழுவ விடுகிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். துப்பாக்கி வைத்திருப்பவரின் வாதம் எங்கே வலுவானது, எங்கே பலவீனமானது என்பதும் கூடவே தெரியவரும்.

ஓட்டுநர் உரிமமா, ஓட்டுரிமையா?

நம் நாட்டில் துப்பாக்கி என்பது ஓட்டுநர் உரிமம் மாதிரி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி முதலில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, காரணம் கேட்பு, பிறகு உரிமம், அதற்கப்புறம்தான் துப்பாக்கி. ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 2019 திருத்தத்தில் அது மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. தேர்தல் தேதி அறிவித்தால், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள் என்று ஆட்சியர் அறிவிப்பு விடுவார். பொதுவாக யாரும் அதை உரிமைப் பறிப்பாகப் பார்ப்பதில்லை. அரசு கொடுத்த அனுமதி, அரசு கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

அமெரிக்காவில் துப்பாக்கி என்பது ஓட்டுரிமை மாதிரி. 1791-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமையைப் பறிக்கக் கூடாது என்கிறது. அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒழுங்கமைந்த குடிப்படை பற்றிய ஒரு சொற்றொடர் இருப்பதால், இது தனிமனித உரிமையா, குடிப்படைக்கு மட்டுமான உரிமையா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், இது தனிமனித உரிமைதான் என்று தீர்ப்பளித்தது. வாஷிங்டன் நகரில் கைத்துப்பாக்கிக்கு இருந்த தடை விழுந்தது. அதே தீர்ப்பு, இந்த உரிமைக்கு எல்லை உண்டு என்றும், குற்றவாளிகளிடம் துப்பாக்கி சேராமல் தடுக்கும் சட்டங்கள் செல்லும் என்றும் சொன்னது. இரு தரப்பும் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டும்.

ஓட்டுப் போட வருகிறவரிடம் "உனக்கு எதற்கு ஓட்டு?" என்று யாரும் கேட்பதில்லை. பட்டியலில் பெயரை நீக்க வேண்டுமென்றால் காரணம் காட்ட வேண்டியது அரசு. "உங்களுக்கு எதற்கு ஏஆர்-15 ரைஃபிள்?" என்ற கேள்வி துப்பாக்கி உரிமையாளரைக் கோபப்படுத்துவது இதனால்தான். காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் தான் இல்லை என்பது அவருடைய அடிப்படை. அந்த அடிப்படையை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. அது அங்கே இருக்கிறது என்று தெரியாமல் பேசினால் மட்டும் ஒரு அங்குலம்கூட நகராது.

ஒரு அழுத்தலுக்கு ஒரு பின்

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் மற்றதெல்லாம் எளிது.

மேசையில் இருக்கும் ஸ்டேப்ளரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு வரிசை பின்கள். பின்னால் ஒரு ஸ்பிரிங் அவற்றை முன்னே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் ஒரு பின். அழுத்திய கையை எடுக்காமல் வைத்திருந்தால் இன்னொரு பின் வராது. கையைத் தளர்த்தியதும் அடுத்த பின் தானாக வந்து நிற்கும். மறுபடி அழுத்தினால்தான் அது இறங்கும்.

தையல்காரரின் மோட்டார் மிஷின் அப்படியல்ல. பெடலில் கால் வைத்தால், காலை எடுக்கும்வரை ஊசி இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும்.

ஸ்டேப்ளர்தான் செமி ஆட்டோமேட்டிக். தையல் மிஷின்தான் முழுத் தானியங்கி. அமெரிக்கச் சட்டம் அதை மெஷின் கன் என்று அழைக்கிறது.

துப்பாக்கிக்குள் இது நடக்கும் விதத்தைப் பார்ப்போம். தோட்டா என்பது நான்கு பொருள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. பறந்து போவது முனை மட்டும்; கூடு கீழே விழுந்துவிடும். டிரிக்கரை இழுத்ததும் சுத்தி விடுபட்டு ஒரு ஊசியை அடிக்கிறது. ஊசி பிரைமரைத் தட்டுகிறது. மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. ஏஆர்-15 வகை ரைஃபிளில் குழலின் மேல் ஒரு சின்னத் துளை இருக்கிறது. குண்டு அதைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அந்தத் துளையில் நுழைந்து, மெல்லிய குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து, போல்ட் என்ற எஃகு அடைப்பைப் பின்னே தள்ளுகிறது. போல்ட் பின்வாங்கும்போதே காலிக் கூட்டை இழுத்துப் பக்கவாட்டில் எறிந்துவிட்டு, சுத்தியையும் மறுபடி நிமிர்த்திவிடுகிறது. பின்னாலிருக்கும் ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னே தள்ள, போகிற வழியில் மேகசினின் மேலிருக்கும் தோட்டாவை உருவிக் குழலின் அடியில் செருகுகிறது. மேகசின் என்பது தோட்டாக்களை ஸ்பிரிங் மேல் அடுக்கிவைத்திருக்கும் பெட்டி; ஸ்டேப்ளரின் பின் வரிசையேதான். குழலின் அடியில் தோட்டா உட்காரும் குழி சேம்பர்.

இவ்வளவும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். சுட்டவரின் விரல் இன்னும் டிரிக்கரை இழுத்தபடிதான் இருக்கும். அப்படியானால் சுத்தி மறுபடி ஏன் விழுவதில்லை? அதற்கென்றே ஒரு சின்னக் கொக்கி சுத்தியைப் பிடித்துக்கொள்கிறது. விரலைத் தளர்த்தினால்தான் கொக்கி விடும். செமி ஆட்டோமேட்டிக்குக்கும் மெஷின் கன்னுக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. குழல் கறுப்பா, பிடி பிளாஸ்டிக்கா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதில் இன்னொரு விஷயம் கவனியுங்கள். இன்று விற்பனையாகும் சாதாரணக் கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை செமி ஆட்டோமேட்டிக். வாத்து வேட்டைக்குப் போகிறவரின் ஷாட்கன்னிலும் அந்த வகை உண்டு. "செமி ஆட்டோமேட்டிக்கைத் தடை செய்" என்று ஒருவர் முழங்கினால், அது அவர் நினைத்த ராணுவத் துப்பாக்கியோடு நிற்காது. படுக்கையறை லாக்கரில் இருக்கும் பிஸ்டலையும் சேர்த்துக்கொள்ளும்.

சுருக்கமாக: இழுப்புக்கு ஒரு குண்டு என்றால் செமி ஆட்டோமேட்டிக். பிடித்திருக்கும்வரை குண்டு என்றால் மெஷின் கன். செய்தியில் வரும் "தானியங்கி" பெரும்பாலும் முதல் வகை.

மெஷின் கன் ஏற்கெனவே கட்டுக்குள்தான்

1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. கள்ளச்சாராயக் கும்பல்கள் மெஷின் கன்னோடு தெருவில் அலைந்த காலம் அது. மெஷின் கன், குட்டைக் குழல் ரைஃபிள் (இன்றைய அளவுப்படி 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல்), 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ஷாட்கன், சைலன்சர் ஆகியவற்றுக்குக் கைரேகை, புகைப்படம், மத்திய அரசுப் பதிவு, 200 டாலர் வரி என்று விதித்தது. அன்றைக்கு 200 டாலர் பெரிய தொகை; பல துப்பாக்கிகளின் விலையை விடவே அதிகம். (2026 தொடக்கத்திலிருந்து சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் அந்த வரி பூஜ்யம்; பதிவு அப்படியே இருக்கிறது. மெஷின் கன்னுக்கு வரியும் தொடர்கிறது.)

1986 மே 19-க்குப் பிறகு செய்த மெஷின் கன்னைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. அதற்கு முன் பதிவானவை மட்டும் கைமாறுகின்றன, அதுவும் பல பத்தாயிரம் டாலர் விலையில்.

சைலன்சரைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவில் "புஸ்" என்று ஊதுவதுபோல ஒரு சத்தம் வரும். நிஜத்தில் சைலன்சர் குறைப்பது சுமார் 20 முதல் 35 டெசிபல். ரைஃபிள் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். கழித்துப் பார்த்தால் மிச்சம் இருப்பதும் காதைப் பிளக்கும் சத்தம்தான். மோட்டார் பைக்கில் சைலன்சர் இருந்தாலும் தெருமுனை வரை கேட்கிறதல்லவா, அந்த மாதிரி.

2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகஸில் இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின்மீது சுட்டவர் பயன்படுத்தியது பம்ப் ஸ்டாக் என்ற துணைக்கருவி. துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் விசையையே பயன்படுத்தி, டிரிக்கர் விரலில் திரும்பத் திரும்ப மோதும்படி செய்வது அது. 60 உயிர்கள் போயின. அடுத்த ஆண்டு அரசு அதை மெஷின் கன் என்று வகைப்படுத்தித் தடை செய்தது. 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அந்தத் தடையை நீக்கியது. காரணம், சட்டத்தில் உள்ள வரையறை: டிரிக்கரின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேல் குண்டு வர வேண்டும். பம்ப் ஸ்டாக்கில் ஒவ்வொரு குண்டுக்கும் டிரிக்கர் தனித்தனியாக இயங்குகிறது என்றது பெரும்பான்மை. மேலே சொன்ன கொக்கி எவ்வளவு கனமான கொக்கி என்று இப்போது புரியும்.

"அசால்ட் வெப்பன்" என்பது என்ன?

ஏஆர்-15-இல் உள்ள ஏஆர், அசால்ட் ரைஃபிள் என்பதன் சுருக்கமல்ல. 1950-களின் கடைசியில் அதை வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயர் அது. அசால்ட் ரைஃபிள் என்பது ராணுவச் சொல். விரும்பினால் முழுத் தானியங்கியாகச் சுடக்கூடிய போர்த் துப்பாக்கியைக் குறிக்கும். "அசால்ட் வெப்பன்" என்பது சட்டச் சொல். சட்டம் எழுதுகிறவர் எதை அதில் சேர்க்கிறாரோ அதுதான் அது. மாநிலத்துக்கு மாநிலம் பொருள் மாறும்.

1994 செப்டம்பர் 13 முதல் 2004 செப்டம்பர் 13 வரை மத்திய அரசின் தடை இருந்தது. சில துப்பாக்கிகளைப் பெயர் சொல்லித் தடுத்தது. மற்ற ரைஃபிள்களுக்கு ஒரு பட்டியல்: கழற்றும் மேகசின் உள்ள செமி ஆட்டோமேட்டிக்காக இருந்து, கூடவே மடக்கும் கட்டை (தோளில் அண்டக் கொடுக்கும் பின்பகுதி), பிஸ்டல் பிடி, பயோனெட் என்ற முனைக் கத்தியை மாட்டும் கொக்கி, குழல் முனையில் தீப்பொறி மறைப்பான், கையெறி குண்டு வீசும் கருவி ஆகியவற்றில் இரண்டு இருந்தால் தடை. தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள்? பயோனெட் கொக்கியையும் தீப்பொறி மறைப்பானையும் எடுத்துவிட்டு அதே ரைஃபிளைச் சட்டப்படி விற்றார்கள். அதே குண்டு, அதே வேகம், சுத்தியைப் பிடிக்கும் அதே கொக்கி.

இதை இன்னும் கிட்டத்தில் பார்க்க ஓர் உதாரணம் போதும். ரூகர் மினி-14 என்று ஒரு ரைஃபிள். மரக்கட்டை; பண்ணை வீட்டில் நரி விரட்ட வைத்திருக்கும் துப்பாக்கி போலத் தெரியும். அதுவும் செமி ஆட்டோமேட்டிக், அதுவும் கழற்றும் மேகசின், ஏஆர்-15 சுடும் அதே .223 தோட்டா. 1994 சட்டம் இணைத்திருந்த "இவற்றுக்குத் தடையில்லை" பட்டியலில் மடக்கும் கட்டை இல்லாத மினி-14 பெயரோடு இடம்பெற்றது. ஒரே எஞ்சின் உள்ள இரண்டு பைக்குகளில் ரேஸ் ஸ்டிக்கர் ஒட்டியதை மட்டும் பறிமுதல் செய்தால் ஓட்டுகிறவர்கள் என்ன நினைப்பார்களோ, அதைத்தான் துப்பாக்கி உரிமையாளர்கள் நினைத்தார்கள். சட்டம் எழுதியவர்கள் துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்கவில்லை, புகைப்படத்தைத்தான் பார்த்தார்கள் என்ற எண்ணம் அன்று விழுந்தது. முப்பது வருடமாகியும் போகவில்லை. என் கணக்கில், இந்தச் சண்டையில் நம்பிக்கை உடைந்த இடம் இதுதான்.

எண்களும் உரிமையாளர் பக்கம் கொஞ்சம் நிற்கின்றன. எஃப்பிஐ தொகுத்த 2019 கணக்கில் துப்பாக்கிக் கொலைகள் 10,258. அதில் கைத்துப்பாக்கி 6,368. எல்லா வகை ரைஃபிளும் சேர்த்து 364. எந்த வகை என்று பதிவாகாதவை 3,000-க்கு மேல், அதனால் 364 என்பது முழு உண்மையல்ல. ஆனால் எந்தப் பக்கம் கனம் அதிகம் என்பதில் சந்தேகமில்லை.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் நேர்மையாக வைக்க வேண்டும். ரைஃபிள் குண்டு கைத்துப்பாக்கிக் குண்டை விட இரண்டு மூன்று மடங்கு வேகம். நொடிக்கு சுமார் 900 மீட்டர். உடலுக்குள் அது செய்யும் நாசமே வேறு. 2022 மே 24 அன்று டெக்சஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தது அந்த வகை ரைஃபிளால். "மான் வேட்டைக்கு ஏஆர்-15-இன் குண்டு சின்னது, சில மாநிலங்களில் அனுமதியே இல்லை" என்று உரிமையாளர் சொல்வது உண்மைதான். மனிதர்கள் நிறைந்த வகுப்பறையில் அந்தப் பதில் எடுபடாது. 1994 சட்டத்தில் உருப்படியான பகுதி பிடியோ கொக்கியோ அல்ல, 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கான தடை என்று பல ஆய்வாளர்கள் கருதுவதற்கும் அடிப்படை உண்டு. மேகசின் மாற்றும் சில நொடிகளில்தான் ஓடித் தப்ப முடியும். உரிமையாளரின் பதில்: நாட்டில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் புழங்கும் பெரிய மேகசின்களைச் சட்டம் எப்படித் திரட்டும்? 1994 சட்டமும் பழையவற்றைத் தொடவில்லை.

கடையில் நடப்பது

"யார் வேண்டுமானாலும் வாங்கலாம்" என்ற பேச்சை இங்கே சோதித்துப் பார்க்கலாம். உரிமம் பெற்ற கடையில் நடப்பது இதுதான்.

வாங்குபவர் புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி 4473 என்ற படிவத்தை நிரப்புகிறார். தொடக்கத்திலேயே வரும் கேள்வி: உண்மையில் வாங்குவது நீங்கள்தானா? வேறொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது குற்றம். 2022-இல் வந்த மத்தியச் சட்டப்படி 15 வருடம் வரை சிறை. அடுத்து ஆம்-இல்லை கேள்விகள்: ஒரு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவரா, தேடப்படுபவரா, போதைப்பொருள் பழக்கம் உண்டா (மாநிலமே கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டத்தில் இது தடைதான்), நீதிமன்றம் மனநல மருத்துவமனைக்கு அனுப்பியதா, குடும்ப வன்முறையில் தண்டனை உண்டா, ராணுவத்திலிருந்து இழிவான முறையில் நீக்கப்பட்டவரா. கைத்துப்பாக்கிக்கு 21 வயது, ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் 18.

பிறகு கடைக்காரர் எஃப்பிஐயின் உடனடிச் சோதனை அமைப்பான என்ஐசிஎஸ்ஸைத் தொடர்புகொள்கிறார். சில மாநிலங்களில் மாநிலப் போலீஸ் வழியாகப் போகும். மூன்று பதில்களில் ஒன்று வரும்: கொடுக்கலாம், கூடாது, பொறுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இணையத்தில் வாங்கினாலும் கடையிலிருந்து துப்பாக்கி வீட்டுக்கு வராது. உங்கள் ஊரில் உள்ள உரிமம் பெற்ற இன்னொரு கடைக்கு வரும். அங்கே போய் இதே படிவம், இதே சோதனை.

இது வங்கியில் சிபில் பார்ப்பது போன்றது. கடன் கேட்டவர் இன்னொரு வங்கியை ஏமாற்றியிருந்தாலும், அந்த வங்கி அதைப் பதிவேற்றவில்லை என்றால் சிபில் சுத்தமாகத்தான் காட்டும். கணினி பொய் சொல்லவில்லை, அதற்குச் சொல்லப்படவில்லை. அமெரிக்காவின் மிகக் கொடிய சம்பவங்கள் சிலவற்றில் நடந்தது இந்தக் கோளாறுதான்.

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து போய் அங்கே நீரியல் கற்பித்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். சுட்ட மாணவர் தனக்கே ஆபத்தானவர் என்று 2005-இல் ஒரு நீதிபதி உத்தரவிட்டு, வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறச் சொல்லியிருந்தார். மத்தியச் சட்டப்படி அந்த உத்தரவே துப்பாக்கி வாங்கத் தடை. ஆனால் வர்ஜீனியா மாநிலம் உள்நோயாளிகளின் பெயரை மட்டும்தான் என்ஐசிஎஸ்ஸுக்கு அனுப்பிவந்தது. இரண்டு சோதனைகளிலும் தேறி, இரண்டு கைத்துப்பாக்கிகள் வாங்கினார். ரைஃபிள் ஒன்றுகூட இல்லை.

2017 நவம்பர், டெக்சஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயம். 26 உயிர்கள். சுட்டவருக்குக் குடும்ப வன்முறைக்காக ராணுவ நீதிமன்றம் 2012-இல் தண்டனை கொடுத்திருந்தது. விமானப்படை அதை எஃப்பிஐக்கு அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தன் ஏஆர்-15-ஐ எடுத்துக்கொண்டு ஓடிவந்து சுட்டவரை எதிர்த்து நின்றார். துப்பாக்கி உரிமையாளர்கள் இந்த ஒரு நாளை அடிக்கடி சொல்வதற்குக் காரணம், அவர்களுடைய வாதத்தின் இரண்டு பக்கமும் அதில் இருக்கிறது: இருந்த சட்டத்தை அரசு செய்யவில்லை, இருந்த துப்பாக்கியை அயலவர் பயன்படுத்தினார்.

இன்னொரு ஓட்டை நேரம் சார்ந்தது. "பொறுங்கள்" என்று பதில் வந்து மூன்று வேலை நாட்கள் கடந்தும் முடிவு வரவில்லை என்றால், கடைக்காரர் விரும்பினால் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவர் இப்படித்தான் வாங்கினார். அவருடைய போதைப்பொருள் கைது ஆவணம் எந்தக் காவல் துறையிடம் இருக்கிறது என்ற குழப்பத்தில் மூன்று நாள் ஓடிவிட்டது. அரசு சும்மா இழுத்தடித்து உரிமையை மறுக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. அரசு அலுவலகத்தில் கோப்பு நகரக் காத்திருந்த நம்மவர்களுக்கு அந்தப் பயம் புரியும். விளைவையும் மறைக்க முடியாது. 2022 சட்டம் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் இதைப் பத்து வேலை நாட்கள் வரை நீட்டியது.

சுருக்கமாக: கடையில் வாங்கினால் சோதனை உண்டு. சோதனை தோற்பது பெரும்பாலும் பதிவு வராததால், அல்லது நேரம் தீர்ந்துபோவதால்.

கைமாற்று

வங்கி சிபில் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர் கைமாற்றாகக் கொடுத்தால் யாரும் பார்ப்பதில்லை. துப்பாக்கியிலும் அப்படியே. விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு உரிமமும் சோதனையும் கட்டாயம். தன்னிடம் இருக்கும் ஒன்றை அதே மாநிலத்துக்காரருக்கு விற்கும் தனிநபருக்கு மத்தியச் சட்டத்தில் கட்டாயமில்லை. வாங்குபவர் தடை செய்யப்பட்டவர் என்று தெரிந்தே விற்றால்தான் குற்றம். "துப்பாக்கிச் சந்தை ஓட்டை" என்று சொல்லப்படுவது இதுதான். பெயர் தவறு: சந்தையில் கடை போட்ட உரிமக்காரரும் சோதனை செய்தே ஆக வேண்டும். வேறுபாடு இடத்தில் இல்லை, விற்பவர் யார் என்பதில். கலிபோர்னியா, கொலராடோ போன்ற பல மாநிலங்கள் தனிநபர் விற்பனைக்கும் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

கருத்துக் கணிப்புகளில் துப்பாக்கி வைத்திருப்பவர்களிலும் பெரும்பான்மையோர் இதை ஆதரிக்கிறார்கள். அப்படியானால் ஏன் நாடு முழுக்க வரவில்லை? பட்டியல் பயம். யார் யாரிடம் எந்தத் துப்பாக்கி என்று அரசிடம் ஒரு பட்டியல் இல்லாமல் தனிநபர் விற்பனையைக் கண்காணிக்க முடியாது. பட்டியல் இருந்தால் ஒருநாள் பறிமுதலுக்கு அதுவே வழிகாட்டும் என்பது அவர்கள் வாதம். அதனால் 1986 சட்டத்திலேயே மத்தியப் பதிவேடு கூடாது என்று எழுதிவைத்தார்கள். என்ஐசிஎஸ் அனுமதித்த விற்பனையின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறியும் மையம் தயாரிப்பாளரைக் கேட்டு, அவர் சொன்ன மொத்த வியாபாரியைக் கேட்டு, அவர் சொன்ன கடையைக் கேட்டு, 4473 படிவத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லித்தான் முதல் வாங்கியவரைக் கண்டுபிடிக்கிறது. மூடிப்போன கடைகளின் படிவங்கள் அங்கே கோடிக்கணக்கில் குவிந்திருக்கின்றன. அவற்றை ஆள் பெயரால் தேடும்படி கணினியில் வைக்கச் சட்டம் விடவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு

இது பலருக்குத் தெரியாமல் ஆபத்தில் முடியக்கூடியது. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். முக்கிய விதிவிலக்கு: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தாலும் இதே விதிதான். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மாநில எல்லையும் கவனம். 2024 நிலவரப்படி 29 மாநிலங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். பென்சில்வேனியாவில் வாங்கிய அனுமதிச் சீட்டு, பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் நுழைந்ததும் செல்லாது. அங்கே நிற்காமல் கடந்து போகிறவர் தோட்டாவைக் கழற்றி, துப்பாக்கியைப் பின்பக்க டிக்கியில் பூட்டிவைத்திருந்தால் மத்தியச் சட்டம் காப்பாற்றும்.

பேசப்படாத பெரிய எண்

2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அவர்களில் ஏறத்தாழ 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையை விடத் தற்கொலை அதிகம். வருடா வருடம் அப்படித்தான். துப்பாக்கி உரிமையாளர்கள் இதைச் சொல்லி, "பார், குற்றம் அவ்வளவு இல்லை" என்று நகர்ந்துவிடுவது உண்டு. அது தப்பிப்பு. இறந்தவர்கள் பெரும்பாலும் துப்பாக்கி இருக்கும் வீட்டுக்காரர்களே. அவர்களுடைய மகன், அவர்களுடைய கணவர். தற்கொலை எண்ணம் பல நேரம் சிறிது காலத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் பிழைக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஆறுதலான ஒரு முயற்சி நியூ ஹாம்ப்ஷயரில் நடந்தது. 2009-இல் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கித் தற்கொலை செய்துகொண்டது தெரியவந்தபோது, கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மனக்கலக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காண்பது, விற்காமல் எப்படிப் பேசி அனுப்புவது, வீட்டில் யாராவது நெருக்கடியில் இருந்தால் துப்பாக்கியைக் கொஞ்ச காலம் வெளியே வைப்பது என்று கையேடு செய்தார்கள். மற்ற மாநிலக் கடைகளும் அதைப் பின்பற்றின. சட்டம் எதுவும் மாறவில்லை. துப்பாக்கிக்காரர் துப்பாக்கிக்காரரிடம் பேசினார், அதனால் கேட்டார்கள்.

இதே நோக்கத்தில் வந்த அபாயத் தடுப்பு உத்தரவுச் சட்டம் அவ்வளவு எளிதாகப் போகவில்லை. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று, மாநிலத்தைப் பொறுத்து, குடும்பத்தாரோ போலீஸோ மனு கொடுத்தால், நீதிபதி துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுக்க உத்தரவிடலாம். கனெக்டிகட் 1999-இல் தொடங்கியது. பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 2018-இல் ஃபுளோரிடாவும் கொண்டுவந்தது. உரிமையாளரின் ஆட்சேபம் ஒன்றுதான், அது நியாயமானது: முதல் உத்தரவு எதிர்த்தரப்பைக் கேட்காமலே வருகிறது, விசாரணை பின்னால். விசாரணையைச் சில நாட்களுக்குள் நடத்துவதும், பொய் மனுவுக்குத் தண்டனையும், துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கத் தெளிவான தேதியும் இருந்தால் அந்த ஆட்சேபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

வீட்டுக்குள்

கடைசியாக, எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்காமல் செய்ய வேண்டிய வேலை. துப்பாக்கி காலியா என்று பார்க்கும் வரிசையில்தான் பலர் தவறுகிறார்கள். மேகசினைக் கழற்றிவிட்டு "காலி" என்று நினைப்பது முதல் தவறு: மேலே சொன்ன இயக்கப்படி சேம்பரில் ஏற்கெனவே ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். கைத்துப்பாக்கியின் முன்பின் நகரும் மேல்பகுதியை முதலில் இழுத்து அந்தத் தோட்டாவை வெளியேற்றிவிட்டு, பிறகு மேகசினைக் கழற்றுவது இரண்டாவது தவறு: மேல்பகுதி முன்னே போகும்போது மேகசினிலிருந்து இன்னொன்றைச் செருகியிருக்கும். சரியான வரிசை: குழல் ஆபத்தில்லாத திசையில், விரல் டிரிக்கருக்கு வெளியே, முதலில் மேகசின் வெளியே, பிறகு மேல்பகுதியைப் பின்னே இழுத்துப் பிடித்துக் கண்ணால் சேம்பரைப் பார்ப்பது, வெளிச்சம் போதவில்லை என்றால் சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்ப்பது.

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கினால் கூடவே ஒரு பூட்டோ பெட்டியோ தர வேண்டும் என்பது 2005-இல் வந்த சட்டம். பெரும்பாலும் வருவது கேபிள் பூட்டு. அதைக் காலியான துப்பாக்கியின் மேகசின் வாய் வழியாகவும் காலிக் கூடு வெளியேறும் திறப்பு வழியாகவும் கோத்துப் பூட்டினால், மேல்பகுதி மூடாது, சுட முடியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா பூட்டிய வேறு பெட்டியில். இரவில் கைக்கெட்ட வேண்டும் என்கிறவர் கட்டிலோடு போல்ட் போட்டு இறுக்கிய, எண் அழுத்தித் திறக்கும் சிறு இரும்புப் பெட்டியை வாங்கலாம். இருட்டிலும் சில நொடிகளில் திறக்கும். அலமாரியின் மேல்தட்டு பெட்டி அல்ல. காரின் முன்பக்க இழுப்பறையும் அல்ல. பூட்டாத கார்களிலிருந்து திருடு போகும் துப்பாக்கிகள் எந்தப் படிவமும் எந்தச் சோதனையும் இல்லாமல் நேராகத் தெருவுக்குப் போகின்றன.